ஹோஸில் ஒரு வெள்ளைக் கோடு

கார் ஏசி வேலைக்கு வந்த புதிதில், கேஸ் ஓடும் ரப்பர் குழாயான ஹோஸ்தான் முக்கியம், அதன் முனையில் வரும் உலோக இணைப்பான பிட்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு மொரிஸ் மைனர்.

ஏசியே இல்லாமல் பிறந்த கார். சொந்தக்காரர் வெள்ளவத்தையில் இருப்பவர், நிசான் எஞ்சின் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தார். “அம்மாவை மத்தியான வெயிலில் கிளினிக்குக் கூட்டிப்போக வேணும் தம்பி, எப்படியாவது ஒரு ஏசி போட்டுத் தாரும்” என்றார்.

அளவில் குழப்பமில்லை. கேஸை அழுத்தும் கொம்பிரசரிலிருந்து, அதைத் திரவமாக்கும் கண்டென்சருக்கு எட்டாம் நம்பர் ஹோஸ். அங்கிருந்து, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாகக் கூலிங் கொயிலுக்கு ஆறாம் நம்பர். திரும்பி வருவதற்குப் பத்தாம் நம்பர், உள்விட்டம் அரை அங்குலம். திரவமாகப் போகும்போது ஒல்லியான குழாய் போதும், ஆவியாகத் திரும்பும்போது இடம் வேண்டும்.

நான் பிழைவிட்டது வளைவில். எட்டாம் நம்பர் ஹோஸுக்கு இரண்டு முனையிலும் 90 பாகை பிட்டிங் எடுத்து, மேசையில் வைத்துக் கண்ணளவிலேயே கிரிம்ப் அடித்து, அதாவது நசுக்கி இறுக்கிவிட்டேன். காரில் பூட்டும்போது ஒரு முனை சற்றுத் திரும்பி நின்றது. ஹோஸை முறுக்கி நட்டை இறுக்கினேன். இந்த ஹோஸ் விறைப்பானது, முறுக்கை மறக்காது. எஞ்சின் அதிர அதிர நட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கிழமையில் கார் திரும்பி வந்தது. கேஸ் கசிந்து, நட்டைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையம். பின் சீட்டில் அம்மா கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். “பரவாயில்லை தம்பி” என்றார் மகன். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுமுறை கிரிம்ப் அடிக்காமலே பிட்டிங்குகளை ஹோஸில் செருகி, காரிலேயே பூட்டிப் பார்த்தேன். சைலன்சர் குழாயில் முட்டாமல், எஞ்சின் ஆடுவதற்குக் கொஞ்சம் தளர்வும் விட்டுப் பார்த்தபோது, ஒரு முனைக்கு 45 பாகைதான் சரி என்று தெரிந்தது. மாற்றிய பிறகு, பிட்டிங்கிலிருந்து ஹோஸ் வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. மற்ற முனையிலும் அப்படியே. கழற்றி, கோட்டோடு கோடு சேர்த்து அடித்தேன்.

அப்புறம், பாகம் வாங்கக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய பிட்டிங்கைக் கையில் கொண்டுபோங்கள், போனில் எடுத்த படம் போதாது. பிளேர் வகையும் ஓ-ரிங் வகையும் தூரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். பிளேரில் கூம்பான உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்து அடைக்கிறது, மற்றதில் ரப்பர் வளையம். அந்த வளையமும் ஏசியில் ஓடும் 134 கேஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், எண்ணெய் தடவித்தான் போட வேண்டும். பூட்டும் வரை முனைகளின் மூடியைக் கழற்றாதீர்கள். கொம்பிரசர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

போன மாதம் அந்த மொரிஸ் சேர்விசுக்கு வந்தது. பொனட்டைத் திறந்ததும் அந்த நட்டைத்தான் விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமே இல்லை.