பிராண்டட் கணினியா, அசெம்பிள்டு கணினியா: புத்தக வேலைக்காக நான் முடிவெடுத்த விதம்

பிராண்டட் வாங்கலாமா, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்யலாமா என்று யாரிடம் கேட்டாலும் பேச்சு விலையில்தான் தொடங்குகிறது. விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது என்பது என் அனுபவம். என் விஷயத்தில் முடிவெடுக்க வைத்தது ஒரு பழுதான எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி.

நான் கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். பழைய நூல்களை மறுபதிப்பு செய்யும் பதிப்பகங்களுக்கு அவற்றை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, மெய்ப்பு பார்க்கத் தயாராக்கித் தருவதும் உண்டு. 2017இல் வாங்கிய பிராண்டட் கணினி 2025 கோடையில் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர் டெக்னீஷியன் ஒருவர், கைராசிக்காரர், வந்து திறந்து பார்த்தார். எஸ்எம்பிஎஸ்தான் போயிருந்தது. பையிலிருந்து புதியது ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெட்டிக்குள் இருந்ததோ அதில் பாதி அகலம்தான் இருந்தது. திருகுத் துளைகள் வேறு இடத்தில் இருந்தன. 24 முனைப் பிளக்கைச் செருக மதர்போர்டில் இடமே இல்லை. அங்கே இருந்தது அந்த நிறுவனம் தனக்கென்று செய்துகொண்ட சின்ன இணைப்பு.

"அண்ணா, இதற்கு வெளியில் எஸ்எம்பிஎஸ் கிடைக்காது. கம்பெனியில்தான் கேட்க வேண்டும்" என்றார். கேட்டேன். அந்த மாடலுக்கான பாகம் நிறுத்தப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. பிராசசர் நன்றாக இருந்தது, மெமரி நன்றாக இருந்தது, டிஸ்க் நன்றாக இருந்தது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு பாகத்தைப் பொருத்த வழியில்லாததால் எல்லாமே மூலைக்குப் போயின. அந்த நாள் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதைச் சரிசெய்வதிலும் பெரிய பயன் இல்லைதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவதாக இருந்தது. என்னுடையது இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். எனவே புதிது வாங்கியே ஆக வேண்டும். ஆனால் இம்முறை எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும், எந்தக் கடையிலும் வாங்கி மாற்ற முடிய வேண்டும் என்று உறுதியாக நினைத்தேன்.

அப்படி மாற்ற முடிவதற்குக் காரணம் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறை. 1995இல் இன்டெல் அதை வகுத்தது. போர்டின் அளவு, திருகுத் துளைகளின் இடம், எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவம், மின் இணைப்பின் முனைகள் எல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் சில மாற்றங்கள் வந்தாலும் அடிப்படை அப்படியே நிற்கிறது. அதைப் பின்பற்றும் பெட்டியில் ஒரு நிறுவனத்தின் போர்டும் வேறொன்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் சிக்கலில்லாமல் சேரும்.

பிராண்டட் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி பெரிய வசதி. கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்தும் என் மைத்துனர் மூன்று ஆண்டு வாரண்டியுடன் ஒரே மாடலில் பல கணினிகளை வாங்கினார். அவருக்கு அதுதான் சரி. ஒரு நாள் வேலை நின்றால் அவருக்கு நஷ்டம், கணினியைத் திறந்து பார்க்க நேரமும் இல்லை. பில் போடவும் இணையம் பார்க்கவும் ஒரு கணினி வேண்டும் என்பவர்களுக்கும் நான் பிராண்டட்தான் சொல்வேன்.

விலையை ஒப்பிடும்போது பலர் விட்டுவிடுவது விண்டோஸ் உரிமம். பிராண்டட் கணினியின் விலையில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். அசெம்பிள்டு கொட்டேஷனில் அந்த வரியே இருக்காது. "விண்டோஸ் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொல்வது பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல். பதிப்பகங்களின் கோப்புகளை வைத்திருக்கும் கணினியில் அதை ஏற்ற எனக்கு மனமில்லை. உரிமத்தைத் தனியாக வாங்கிக் கணக்கில் சேர்த்தேன். சேர்த்த பிறகு இரண்டுக்கும் இடையில் நான் எதிர்பார்த்த அளவு விலை வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இருந்தது அதே பணத்துக்குள் எதை வாங்கலாம் என்பதில்தான்.

பாகங்களைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். அங்கே எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கேமிங்கா சார், எடிட்டிங்கா?" புத்தக வேலை என்றேன். அப்படியும் பட்டியலின் தலையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்து உட்கார்ந்தது, அதன் கீழே 16 ஜிபி மெமரி.

என் வேலையின் கணக்கு வேறு. 600 டிபிஐ அளவில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஏ4 பக்கம் ஒன்றை வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 4,960க்கு 7,016 புள்ளிகள் வரும். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு பக்கம் சுமார் 104 எம்பி. இருபது பக்கங்களைத் திறந்து வைத்தாலே 2 ஜிபி தாண்டிவிடும். கறை நீக்கி, நேராக்கி, அடுக்கு அடுக்காகத் திருத்தும்போது அது பல மடங்காகும். எழுத்தாக மாற்ற நான் பயன்படுத்துவது டெசராக்ட். தமிழ் படிக்கும் இந்த இலவச மென்பொருளுக்குப் பிராசசர்தான் முக்கியம், பக்கங்களைப் பிரித்து பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்களுக்கு ஒரே நேரத்தில் கொடுத்துவிடலாம். கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் எங்குமே வேலை இல்லை.

அந்தக் கார்டின் பணத்தை மெமரியில் போட்டேன். 32 ஜிபி குச்சிகள் இரண்டு, ஆக 64 ஜிபி. பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட் வகை. திரையில் படம் காட்டும் சிறிய கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, அதைக் குளிர்விக்கும் கூலரும் பெட்டியிலேயே வருகிறது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசசர் பொருந்தும் இடத்தில், அது அமர்கிறது. இதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில், 2017இல் வாங்கிய போர்டுகள் பலவற்றில், 2020இல் வந்த பிராசசரைக்கூட பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்துப் பொருத்த முடிந்தது. அதனால்தான் ஏஎம்5 பக்கம் சாய்ந்தேன். பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்ற நம்பிக்கை அது. பிறகு 1 டிபி எஸ்எஸ்டி, ஸ்கேன்களைச் சேமிக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க், முன்பக்கம் வலையும் தூசி வடிகட்டியும் உள்ள கேபினெட்.

எஸ்எம்பிஎஸ்ஸில் நான் பிடிவாதமாக இருந்தேன். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை வேண்டாம் என்றேன். 750 வாட் எடுக்கச் சொன்னார்கள், கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு அது தேவையே இல்லை. மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 550 வாட் போதுமானதாக இருந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் பணத்தைச் சேமிக்கக் கூடாத இடம் இதுதான். அதற்கு வெளியே ஒரு 1 கேவிஏ யுபிஎஸ்ஸும் வாங்கினேன்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். உடனே இறங்கி வந்துவிட்டேன். அசெம்பிள்டு கணினிக்கு மொத்தமாக ஒரு வாரண்டி கிடையாது, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. நான் வாங்கியவற்றில் பிராசசருக்கும் போர்டுக்கும் 3 ஆண்டு, எஸ்எஸ்டிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் 5 ஆண்டு. பழுதானால் பாகத்தைக் கழற்றிச் சர்வீஸ் சென்டருக்கு நானேதான் கொண்டுபோக வேண்டும். அங்கே பில்லைக் கேட்பார்கள். பாகங்களின் சீரியல் எண்கள் பில்லில் இருக்கின்றனவா என்று பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். சென்னைக்கு அலையும் இந்தச் சிரமம் மட்டும் அசெம்பிள்டில் உண்மையான குறை. வெளியூர்க்காரர்கள் அதை நினைவில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

கடையிலேயே சேர்த்துத் தருவார்கள். நான் வீட்டில் வைத்துச் சேர்த்தேன், அடுத்த முறை திறக்கப்போவது நான்தான் என்பதால். பெரும்பாலான இணைப்புகள் தவறாகச் செருகவே முடியாத வடிவில் இருக்கின்றன. நெஞ்சு படபடக்கும் இடம் பிராசசர்தான். ஏஎம்5இல் முனைகள் சாக்கெட்டில் இருக்கின்றன, மயிரிழை மாதிரி. மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்துப் பிராசசரை அழுத்தாமல் மேலே வைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு நெம்புகோலைக் கீழே இழுக்கும்போது பயமுறுத்தும் அளவுக்கு விசை வேண்டியிருக்கிறது. பாதி வழியில் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து வெளியே வரும். கூலரின் அடியில் பேஸ்ட் பூசியே வருகிறது. மெமரியைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகினேன். எஸ்எஸ்டிக்கு மேல் வரும் உலோகத் தகட்டின் உட்புறம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரிக்காமல் மூடினால் வெப்பம் கடத்தப்படாது.

பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே இருந்தது. போர்டில் மெமரிக்கான சிறு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இதை முன்கூட்டியே படித்திருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். என்னுடையது போன்ற டிடிஆர்5 வகை மெமரியை முதல்முறை இயக்கும்போது போர்டு அதன் நேரக் கணக்குகளைச் சோதித்துப் பழகிக்கொள்கிறது, அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். தெரியாதவர்கள் பயந்து மின்சாரத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பொறுமையாக இருங்கள். திரை வந்ததும் பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் மெமரி அதன் பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தில் ஓடாது.

இப்போது வாங்கப்போகிறவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025இன் கடைசி மாதங்களில் மெமரியின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உற்பத்தியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். விலை ஏறுவதற்கு முன் இருப்பு வைத்த மெமரியோடு வரும் பிராண்டட் கணினி, தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பணம் கொடுப்பதற்கு முன் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போர்டில் 24 முனை இணைப்பு இருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் வழக்கமான அளவுதானா, மெமரிக்கு இன்னொரு இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். திறக்க முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.