ரீலோடிங் மேசையை மாற்றி அமைத்தேன்: மேசை மேல் ஒரே ஒரு பவுடர்

டெக்சாஸில் கோடைக்காலத்து கராஜ் ஒரு அடுப்பு. தோட்டாவுக்குள் போடும் பவுடரையும் (வெடிமருந்து), அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் அந்தச் சூட்டில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. அதனால் சுட்ட ரைபிள் தோட்டாவை மறுபடி நிரப்பும் ரீலோடிங் சாமான்களை வீட்டுக்குள், ஏசி ஓடும் சின்ன அறைக்குக் கொண்டு வந்தேன். கராஜில் இப்போது தோட்டாவின் பித்தளை கேஸை உருட்டித் தேய்க்கும் டம்ளர் என்ற இயந்திரம் மட்டும்தான்.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரைபிள் தோட்டாவைச் சுட்டபின் அதன் வெற்றுக் கூடான பித்தளை கேஸ் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், பவுடர், புல்லட் (பாய்ந்து போகும் குண்டு) வைத்தால் மறுபடியும் தோட்டா. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டாம், விற்பதென்றால்தான் வேண்டும். நான் செய்வது பெரும்பாலும் .308 வின்செஸ்டர் என்ற ரகத் தோட்டா.

முதல் வேலை மேசை. கேஸை டை என்ற அச்சுக்குள் அழுத்தும்போது, பிரஸ் என்ற அழுத்தும் கருவியின் கைப்பிடியை நல்ல பலத்தோடு இழுக்க வேண்டும். மேசை ஆடினால் வேலை ஓடாது. சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைத் தேடிப்பிடித்து, நீள ஸ்க்ரூ போட்டு மேசையை அதோடு சேர்த்துப் பிடிக்க வைத்தேன். பிரஸ் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு கால் வருவதுபோலப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை.

மண்டையைக் குடைந்தது பவுடர்தான். எச்4350, ஐஎம்ஆர் 4350, ஏஏ4350 என்று மூன்று பவுடர் கடையில் கிடைக்கும். எண் ஒன்றேதான், பவுடர் வேறு. ஒன்றுக்குப் போட்ட அளவை இன்னொன்றுக்குப் போடக்கூடாது. 4895-லும் இதே கதை: எச் ஒன்று, ஐஎம்ஆர் ஒன்று. டப்பாவிலிருந்து வெளியே கொட்டிவிட்டால், பார்வைக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறக் குச்சிகள். கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதனால் அறையின் ஒழுங்கு முழுவதையும் ஒரே விதியைச் சுற்றி அமைத்தேன்: மேசை மேல் எந்நேரமும் ஒரே ஒரு பவுடர் டப்பா. மற்றவை எல்லாம் எதிர்ச்சுவரில் இருக்கும் மர அலமாரியில். எடுக்க வேண்டுமென்றால் நாற்காலியை விட்டு எழுந்து நடக்க வேண்டும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நாலு டப்பா வரிசையாக இருப்பது படத்துக்கு அழகாக இருக்கும், எனக்கு வேண்டாம். வேலை முடிந்ததும் பவுடர் அளக்கும் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட்டுத்தான் விளக்கை அணைப்பது.

அலமாரியும் சும்மா செய்ததில்லை. என்எஃப்பிஏ 495 என்ற தீத்தடுப்பு விதிப்படி வீட்டில் 20 பவுண்டு வரை இந்தப் புகையில்லா பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால், ஒரு அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும். என்னிடம் இருப்பது 20-க்கு வெகு கீழே, இருந்தாலும் அந்தப் பலகையிலேயே செய்துவிட்டேன். இறுக்கமாக மூடும் ராணுவ இரும்புப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. தயாரான தோட்டாவுக்கு அவை அருமை, பவுடருக்குக் கூடாது. திறந்த இடத்தில் பவுடர் எரியத்தான் செய்யும். அடைத்து வைத்த இடத்தில் தீப்பிடித்தால் அழுத்தம் ஏறி வெடித்துவிடும். பிரைமர்கள் தனி இடத்தில், வாங்கிய பெட்டியிலேயே. ஜாடியில் மொத்தமாகக் கொட்டி வைப்பதைப் படத்தில் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். ஒன்று வெடித்தால் மொத்த ஜாடியும் சேர்ந்து வெடிக்கும்.

தராசு இருக்கும் மூலைக்கு மேல் மின்விசிறி இல்லை, ஏசி காற்றும் நேராக வராது. பவுடரை அளப்பது கிரெய்ன் கணக்கில், அது ஒரு பவுண்டில் 7,000-ல் ஒரு பங்கு. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும்போது மெல்லிய காற்றே எண்ணை மாற்றிவிடும். அதனால் சோதனை எடைக்கல் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

டம்ளரைக் கராஜிலேயே விட்டதற்குக் காரணம் ஈயம். சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கும். சோளத்தக்கைத் தூளோடு கேஸ் உருளும்போது அது தூசியாகக் கிளம்பும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் அந்த வேலை வேண்டாம். இந்த அறையில் காபி டம்ளருக்கும் இடமில்லை, வெளியே வந்ததும் கை கழுவியாக வேண்டும். சிந்திய பவுடரை வேக்குவமால் இழுக்காமல், சின்ன பிரஷ்ஷாலும் முறத்தாலும்தான் எடுக்கிறேன்.

அப்புறம் சீட்டு. ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் தேதி, பவுடரின் முழுப்பெயர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), எடை, புல்லட், பிரைமர், மொத்த நீளம். பெயரை "4350" என்று சுருக்கி எழுதுவதில்லை. கேஸ்களையும் அடிப்பக்கத்து முத்திரை பார்த்துத் தனித்தனி டப்பாவில் போட்டுவிட்டேன். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் உள்ளே இருக்கும் இடம் கொஞ்சம் மாறும் என்பதால் கலந்து வைக்க முடியாது.

மீதி இருப்பது கேஸ் நீளத்தை வெட்டும் கருவிக்கு ஒரு இடம். பித்தளைச் சீவல் தரையெல்லாம் பறக்கும் என்பதால், கீழே தட்டு வைத்த தனி ஸ்டாண்ட் ஒன்றை ஜன்னல் பக்கம் போடலாம் என்று இருக்கிறேன்.