ஜூராவும் சவ்வாவும்: மலையடி ஒயின்களில் இதுவரை ருசித்தவை

கிழக்கு பிரான்ஸின் மலையடி ஒயின்களை ஒவ்வொரு திராட்சை ரகமாக வாங்கி, ருசித்து, குறிப்பு எழுதிவரும் வேலையில் ஜூரா ஏறக்குறைய முடிந்துவிட்டது, சவ்வா பாதி தாண்டியிருக்கிறது. லியோனில் இருப்பதால் இரண்டு வட்டாரமும் பக்கம்தான், வடக்கே போனால் ஜூரா, கிழக்கே போனால் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சவ்வா. இதுவரை புரிந்ததில் முக்கியமானது இது: ஜூராவின் வெள்ளை ஒயினை வாங்கும்போது திராட்சையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், பீப்பாயை நிரப்பி வைத்தார்களா, நிரப்பாமல் விட்டார்களா என்று கேளுங்கள். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெருமளவு அதுதான் தீர்மானிக்கிறது.

மரப்பீப்பாயில் இருக்கும் ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அந்தக் குறையை அவ்வப்போது நிரப்பிவிடுவார்கள், காற்று பட்டால் ஒயின் கெட்டுவிடும் என்பதால். ஜூராவிலும் அப்படி நிரப்பிச் செய்வது உண்டு, அதை 'உயே' என்கிறார்கள். நிரப்பாமல் விட்டால், அந்தப் பாதாள அறைகளில் குடியிருக்கும் ஈஸ்ட் ஒயினின் மேல்பரப்பில் மெல்லிய ஏடாகப் படர்ந்து, வினிகராகாமல் காத்தபடியே சுவையை வேறு திசைக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதற்கு 'சூ வுவால்' என்று பெயர்.

ஒரே தயாரிப்பாளரின் சவாஞான் ரகத்தை இந்த இரண்டு முறையிலும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்தேன். நிரப்பிய சவாஞானில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கூர்மையான புளிப்பு, பின்னால் லேசான உப்பு. நிரப்பாததில் பழம் எங்கோ பின்னுக்குப் போய்விட்டது, வால்நட் பருப்பும் ஈர மரமும் முன்னால் நின்றன. ஒரே திராட்சை என்று சொல்லாவிட்டால் நம்பவே முடியாது. ஷார்தொனேயையும் இதே மாதிரி இரண்டு விதமாகச் செய்கிறார்கள், ஆனால் எனக்கு வித்தியாசம் சவாஞானில்தான் பளிச்சென்று தெரிந்தது.

இந்த நிரப்பாத முறையின் உச்சம் மஞ்சள் ஒயின், 'வேன் ஜோன்'. சவாஞான் மட்டும்தான் போடலாம். திராட்சை பறித்த ஆண்டுக்குப் பின் ஆறாம் ஆண்டு டிசம்பர் 15 வரை பீப்பாயிலேயே இருக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் ஏட்டுக்குக் கீழே. அதாவது 2018 அறுவடை 2025 தொடக்கத்தில்தான் வெளியே வந்தது. பாட்டிலும் தனி: 'கிளாவ்லேன்' என்ற குட்டையான, அகன்ற தோள் கொண்ட 620 மில்லி பாட்டில். ஒரு லிட்டர் ஒயின் அத்தனை வருடம் கழித்து அந்த அளவுக்குக் குறைந்து நிற்கும் என்பது கணக்கு. ஷாத்தோ ஷலோன் என்ற மலைமேல் ஊரின் பெயரில் வருவது முழுக்க மஞ்சள் ஒயின்தான், வேறு எந்த வகைக்கும் அந்தப் பெயரைப் போட முடியாது.

வாசனையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதில் கறிப்பொடி வாசனை வருகிறது என்று எழுதுவார்கள், எனக்கோ மூக்கை வைத்த உடனே தெரிந்தது வெந்தயம், அதுவும் வறுத்த வெந்தயம். தேடிப் பார்த்தால் இதற்குக் காரணம் சோட்டலோன் என்ற சேர்மம், வெந்தயத்துக்கு அதன் வாசனையைத் தருவதும் அதே சோட்டலோன்தான். சாம்பார்ப் பொடி வறுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒயின் அந்நியமாகவே இருக்காது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பரிமாறும் விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே குடித்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும், 14-15 டிகிரிக்கு வரவிட்டு, சில மணி நேரம் முன்பே திறந்து வைத்தால்தான் வாசனை முழுசாக எழுகிறது. அப்புறம், திறந்த பாட்டிலை அவசரமாக முடிக்க வேண்டியதில்லை. கார்க்கை மூடி வைத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பார்த்தேன், தளரவே இல்லை. காற்றோடு அத்தனை வருடம் பழகிய ஒயின், இனி காற்று அதை என்ன செய்துவிடும்? இரண்டு வருடம் பழுத்த கோம்த்தே சீஸோடு சாப்பிட்டது இந்த வரிசையிலேயே சிறந்த வேளை. மொரேல் காளானும் க்ரீமும் போட்ட கோழியும் செய்தேன், ஒயினில் ஒரு பங்கைக் கடைசியில் சேர்த்தால் வெந்தய வாசனை குழம்பில் தங்குகிறது.

ஜூராவின் சிவப்புகளில் பூல்சார் எனக்குப் பிரியமாகிவிட்டது. தோல் மெல்லியது என்பதால் நிறம் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் மாதிரி வெளிறித்தான் இருக்கும், காட்டு ஸ்ட்ராபெரி வாசனை, துவர்ப்பு மிகக் குறைவு. திறந்தவுடன் சிலவற்றில் தீக்குச்சி உரசிய நெடி வரும், குடுவையில் ஊற்றி அரைமணி விட்டால் போய்விடுகிறது. இந்த ஊரில் சிவப்பை முதலில் குடித்துவிட்டு அப்புறம்தான் வெள்ளை. வரிசையை மாற்றிப் பார்த்தேன், மஞ்சள் ஒயினுக்குப் பிறகு பூல்சார் தண்ணீராகத் தெரிந்தது, அவர்கள் செய்வதுதான் சரி. த்ரூசோ கொஞ்சம் கனமானது, சூடான சரளை மண் கேட்கும் ரகம். பினோ நுவார் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதற்காக ஜூரா வரை வர வேண்டியதில்லை.

ஜூராவின் ஆர்புவா ஊரைச் சுற்றும்போது லூயி பாஸ்டரை மறக்க முடியாது. அங்கேதான் வளர்ந்தார், 1874-இல் அதன் அருகே ஒரு திராட்சைத் தோட்டமும் வாங்கினார், ஒயின் ஏன் கெடுகிறது என்ற ஆராய்ச்சியும் அங்கே நடந்ததுதான்.

சவ்வாவுக்கு வந்தால் பீப்பாய்க் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது, இங்கே திராட்சையைத்தான் கேட்க வேண்டும். அதிகம் விளைவது ஷாக்கேர். ஆல்கஹால் 11 சதவீதத்தை ஒட்டி, நிறமே இல்லாத மாதிரி, சுத்தமான புளிப்பு. அப்ரமோன், அபீம் என்ற இரண்டு இடப் பெயரில் வருபவை பெரும்பாலும் ஷாக்கேர்தான். 1248-இல் கிரானியே மலையின் ஒரு பக்கம் சரிந்து கிராமங்களை மூடியது, அந்தச் சுண்ணாம்புக் கற்குவியலின் மேல்தான் இந்தத் தோட்டங்கள் நிற்கின்றன. உருக்கிய சீஸ் சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமானதும் இவ்வளவு மலிவானதும் நான் குடித்ததில்லை.

அல்டெஸ் ரகம் ரூசெட் என்ற பெயரில் வரும். இளசாகக் குடித்தபோது வாய்மூடி இருந்தது, சில வருடம் வைத்திருந்த பாட்டிலில் தேனும் பாதாமும் வந்தன, வாங்கினால் வைத்திருந்து குடியுங்கள். ஷின்யேன் ஊரில் பெர்ஜரோன் என்று விற்பது ரோன் பள்ளத்தாக்கின் ரூசான் ரகமேதான், வெயில் விழும் சரிவில் விளைவதால் மற்ற சவ்வா வெள்ளைகளைவிட வாயில் கனம் அதிகம்.

சிவப்பில் மோந்தூஸ். ஆர்பேன் ஊர் பாட்டில் ஒன்றில் மிளகு அப்படியே ஏறி வந்தது. இதற்கும் ஒரு பொதுச் சேர்மம் இருக்கிறது, ரொட்டண்டோன், கருமிளகிலும் அதுதான். கருநீல நிறம், வயலட் பூ, நல்ல புளிப்பு, கொஞ்சம் முரட்டுத் துவர்ப்பு. 15 டிகிரியில் குடித்தபோது துவர்ப்பு தூக்கலாக இருந்தது, இரண்டு டிகிரி ஏறியதும் அடங்கியது. மிளகு போட்ட ஆட்டுக்கறியோடு வைத்துக்கொண்டேன், தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

மிச்சம் இருப்பது: சவ்வாவில் ஏஸ் ஊரின் கிரேன்ஷே ரகம், அது மிகக் கொஞ்ச நிலத்தில்தான் விளைகிறது என்பதால் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஜூரா பக்கம், திராட்சையைக் குறைந்தது ஆறு வாரம் உலர்த்திப் பிழியும் இனிப்பு 'வேன் த பாய்' ஒன்று, 375 மில்லி பாட்டில், வாங்கியாயிற்று. இரண்டுக்கும் இடையில் இருக்கும் ப்யூஜே வட்டாரத்தின் செர்தோன், பூல்சாரும் கமேயும் சேர்ந்த இனிப்பான இளஞ்சிவப்பு நுரை ஒயின், வெயில் காலம் வந்ததும் திறப்பதாக இருக்கிறேன்.