குடிபோதை வழக்கின் தீர்ப்பு நகலைத் தேடிப் போனபோது

சித்தப்பாவின் மொபெட்டில் மோதிய காரை ஓட்டியவர் குடித்திருந்தார் என்பது அந்தச் சாலையோரக் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் தாக்கல் செய்த எதிருரை வேறு கதை சொன்னது. கார் நிதானமாகத்தான் வந்ததாம். சித்தப்பாதான் குறுக்கே புகுந்தாராம். எங்கள் வழக்கறிஞர் அதைப் படித்து முடித்துவிட்டு, "நடுவர் நீதிமன்றத்தில் அந்தக் குற்ற வழக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. தொடை எலும்பில் கம்பி வைத்துப் படுத்திருந்த சித்தப்பாவுக்குச் சாட்சி சம்மன் எதுவும் வந்திருக்கவில்லை. "அடிபட்டவரையே கூப்பிடாமல் வழக்கு முடிந்திருந்தால், ஓட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருப்பார். அந்தத் தீர்ப்பின் சான்று நகல் வேண்டும்" என்றார் வழக்கறிஞர். அலைய ஆள் வேண்டுமே, அது நானானேன்.

அலைவதற்கு முன் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆவது பிரிவுதான் குடித்துவிட்டு ஓட்டுவதற்கானது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஹெல்மெட், சீட் பெல்ட் போடாததற்கெல்லாம் சாலையிலேயே பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். அப்படிக் கட்ட வழிசெய்யும் 200-ஆவது பிரிவின் பட்டியலில் 185 இல்லை. ஆகவே குடிபோதை வழக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு நடுவர் முன்னால் போயே தீர வேண்டும். போனால் அங்கே ஓர் எண் இருக்கும், ஓர் ஆவணக் கட்டு இருக்கும், கையெழுத்திட்ட ஓர் உத்தரவு இருக்கும். "அதெல்லாம் கிடைக்காது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேடலின் முதல் படி முதல் தகவல் அறிக்கை. இதற்குக் காவல் நிலையத்தில் போய் நிற்கத் தேவையில்லை. பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவிறக்கிக்கொள்ளலாம். சாலை விபத்து வழக்குகளின் ஆவணங்களுக்கு அங்கேயே தனிப் பகுதி இருக்கிறது. குற்ற எண் தெரியாதவர்கள், அடிபட்டவர் சேர்க்கப்பட்ட மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பாருங்கள். விபத்து நடந்த தேதியும் நேரமும் அதிலிருந்து கிடைக்கும். அதை வைத்து நிலையத்தில் கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் முதல் தகவல் அறிக்கையைத் திறந்தபோது எனக்கு அதிர்ச்சி. இந்திய தண்டனைச் சட்டம் 279 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 337 (காயம் ஏற்படுத்தியது) என்ற இரண்டு பிரிவுகள் மட்டுமே இருந்தன. குடி பற்றி ஒரு சொல்கூட இல்லை. வழக்கை அமுக்கிவிட்டார்கள் என்றே வீட்டில் பேச்சு எழுந்தது. வழக்கறிஞரின் குமாஸ்தா சிரித்தார். முப்பது வருடம் கோர்ட் வராந்தாவில் தேய்ந்தவர் அவர். "விபத்து நடந்த ராத்திரியே இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிடுமா? பின்னால் பிரிவு மாற்ற அறிக்கை போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள் தம்பி" என்றார். அவர் சொன்னபடியேதான் இருந்தது. எலும்பு முறிவு என்று மருத்துவர் சான்று கொடுத்த பிறகு 337 போய், கொடுங்காயத்துக்கான 338 வந்திருந்தது. கூடவே 185-உம் சேர்ந்திருந்தது. முதல் தகவல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். எங்கள் விபத்து 2023-இல் நடந்ததால் இந்தப் பிரிவு எண்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 என்று இருக்கும். 185 மட்டும் மாறவில்லை.

அடுத்தது நீதிமன்ற வழக்கு எண். காவல் நிலையக் குற்ற எண் வேறு, நீதிமன்ற வழக்கு எண் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. குற்ற எண்ணை எடுத்துக்கொண்டு போய் நகல் கேட்டால், எழுத்தர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்த பிறகு பல வழிகளில் தேடலாம். எல்லோரும் முதலில் தொடுவது பெயர்த் தேடல். அதைப்போல நேரத்தைத் தின்னும் வேலை வேறில்லை. நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. ஒரு சண்முகம் எஸ்-எச் போட்டும் வருவார், வெறும் எஸ் போட்டும் வருவார். இனிஷியல் முன்னாலும் நிற்கும், பின்னாலும் நிற்கும். சரியாகப் போட்டாலும் அதே ஊரில் அதே பெயரில் இன்னும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அவர்களில் எவரையாவது குடிகாரர் என்று முடிவுகட்டினால் அது அநியாயம்.

முதல் தகவல் அறிக்கை எண்ணை வைத்துத் தேடும் பகுதிதான் பயன்பட்டது. காவல் நிலையம், எண், ஆண்டு கொடுக்க வேண்டும். அதோடு வழக்கு நிலுவையில் இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று ஒரு தேர்வும் உண்டு. நிலுவை என்பதை அழுத்தினால் எங்களுக்கு எதுவும் வரவில்லை. முடிந்தவை என்றதும் ஒரு வரி வந்தது. நான் சி.சி., அதாவது வழக்கமான விசாரணை வழக்கு என்று வரும் என எதிர்பார்த்தேன். வந்தது எஸ்.டி.சி., அதாவது சுருக்க விசாரணை வழக்கு. அந்த வரியைத் திறந்தால் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண், பதிவு எண், நடுவர் நீதிமன்றத்தின் பெயர், முடிவான தேதி, ஒப்புக்கொண்டதால் தண்டனை என்ற குறிப்பு எல்லாம் இருந்தன. தீர்ப்பு மட்டும் ஏற்றப்படவில்லை. ஏற்றியிருந்தாலும், இழப்பீட்டு வழக்கு நடக்கும் தீர்ப்பாயத்தில் செல்லாது. முத்திரையும் கையெழுத்தும் உள்ள சான்று நகல்தான் சாட்சியமாகும். அந்தத் திரையை அச்செடுத்துக்கொண்டேன். நகல் பிரிவில் அந்த ஒரு தாளுக்கு இருந்த மதிப்பு, நான் வாய் வலிக்கச் சொன்ன எந்த விளக்கத்துக்கும் இல்லை.

இதற்கிடையே ஒரு நண்பர், "தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு, முப்பது நாளில் வீட்டுக்கே வரும்" என்று சொன்னார். நீதிமன்ற ஆவணங்களுக்கு அந்த வழி உதவாது. நகல் வழங்க உயர் நீதிமன்ற விதிகள் இருக்கும்போது அந்த விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. தபால் செலவு மிச்சம்.

யார் கேட்கலாம் என்பதுதான் அடுத்த சிக்கல். தீர்ப்பால் பாதிக்கப்பட்ட எவரும் கட்டணம் செலுத்தித் தீர்ப்பையும், வாக்குமூலங்களையும், கட்டின் பிற பகுதிகளையும் நகலாகப் பெறலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363-ஆவது பிரிவு சொன்னது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404. அடிபட்டவர் பாதிக்கப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுத்தருக்கு இருந்தது. வழக்கில் காவல்துறை ஒரு தரப்பு, கார் ஓட்டியவர் இன்னொரு தரப்பு. சித்தப்பாவின் பெயர் திரையில் எங்கும் இல்லை. "நீங்கள் மூன்றாம் நபர். பிரமாணப் பத்திரம் போட்டு, ஐயாவிடம் உத்தரவு வாங்கி வாருங்கள்" என்றார் அவர். வாதாடிப் பார்க்கலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. குமாஸ்தா தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்துவிட்டார். பிரமாணப் பத்திரம் ஒரு பக்கம்தான்: நான் இந்த விபத்தில் காயமடைந்தவன், இன்ன எண் கொண்ட இழப்பீட்டு மனு நிலுவையில் இருக்கிறது, அதில் தாக்கல் செய்ய இன்னின்ன நகல்கள் தேவை. சித்தப்பா கையெழுத்திட்டார்; இழப்பீட்டு மனுவின் முதல் பக்கத்தை இணைத்தோம். நடுவர் அனுமதித்தார். சண்டை போட்டு நிலைநாட்டியிருக்கக்கூடிய உரிமைதான். ஆனால் ஒரு தாளில் முடிகிற இடத்தில் சண்டை எதற்கு என்ற குமாஸ்தாவின் கட்சிக்கு நானும் மாறிவிட்டேன்.

நகல் மனுவில் நீதிமன்றம், எஸ்.டி.சி. எண், தீர்ப்புத் தேதி, தேவையான ஆவணங்களின் பெயர், நோக்கம் ஆகியவற்றை எழுதி நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனி எண் தருவார்கள். பிறகு கட்டு பதிவறையிலிருந்து வந்து, பக்கங்களை எண்ணி, எவ்வளவு கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். இந்தப் பலகையைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வீட்டுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். முடிந்துபோன சிறு வழக்குகளின் கட்டுகளைக் காலம் கடந்ததும் அழித்துவிடுவார்கள் என்பதால் மனு போடுவதையும் தள்ளிப்போடக் கூடாது.

தீர்ப்பை மட்டும் கேட்காதீர்கள் என்று வழக்கறிஞர் சொல்லியனுப்பியிருந்தார். அதன் பொருள் நகல் கைக்கு வந்தபோது புரிந்தது. தீர்ப்பு அரைப் பக்கம்கூட இல்லை. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆஜர், குற்றச்சாட்டு விளக்கப்பட்டது, எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், இன்ன பிரிவுக்கு இவ்வளவு அபராதம், கட்டத் தவறினால் இத்தனை நாள் மெய்க்காவல் சிறை, அபராதம் செலுத்தப்பட்டது. அவ்வளவுதான். சித்தப்பாவின் தொடை எலும்பைப் பற்றி அதில் எதுவுமில்லை. கடைசிப் பக்கத்தின் பின்புறம் ஒரு ரப்பர் முத்திரை. அதில் மனு கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வழங்கிய தேதி என்று வரிசையாகக் கோடுகள், நீல மையில் நிரப்பப்பட்டிருந்தன.

விஷயம் இருந்தது இணைப்புகளில். அரசு மருத்துவமனையின் மது போதைச் சான்று ஓர் அச்சிட்ட படிவம். மூச்சில் மது வாடை, பேச்சு, நடை, கண் பாவை என்று ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் கையால் எழுதியிருந்தார். பரிசோதித்த மணியும் இருந்தது. கடைசி வரியில்தான் மருத்துவர் தம் கருத்தைச் சொல்கிறார். "மது அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் பிடியில் இல்லை" என்று எழுதப்படும் சான்றுகளும் ஏராளம்; அப்படி ஒரு வரி இருந்தால் எதிர்த்தரப்பு அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். எங்களுடையதில் போதையில் இருக்கிறார் என்றே தெளிவாக இருந்தது. தடய அறிவியல் ஆய்வகத்தின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருந்த அளவும் 30-ஐத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. வாங்கும் இடத்திலேயே பக்கங்களை எண்ணிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் முத்திரை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு ஆய்வக அறிக்கையில் விடுபட்டிருந்தது; அங்கேயே நின்று போட்டு வாங்கினோம்.

ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், வரன் பார்ப்பவர்கள் சிலரும் இதே வழியில் ஒருவரின் பழைய வழக்குகளைத் தோண்டலாமா என்று என்னிடம் கேட்டார்கள். நகல் மனுவில் நோக்கம் கேட்பார்கள். வெறும் ஆர்வம் அதற்குப் பதிலாகாது. வேலைக்கு எடுப்பதானால் காவல்துறையின் சரிபார்ப்புச் சேவைக்கு விண்ணப்பிப்பதே முறை. வரன் விஷயத்தில் நான் கருத்துச் சொல்வதாக இல்லை.

நகல்களைத் தீர்ப்பாயத்தில் மனுதாரர் தரப்பு ஆவணங்களாகக் குறியீடு செய்தாயிற்று. குறுக்கே புகுந்தார் என்ற வாதம் அன்றோடு சுருதி இறங்கியது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் உடனே பாட்டை மாற்றிப் பாடத் தொடங்கியது: ஓட்டியவர் குடித்திருந்தார் என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது, எனவே நாங்கள் பொறுப்பல்ல. 2019 திருத்தத்துக்குப் பின் சட்டத்தின் 150-ஆவது பிரிவே அவர்களுக்கு இந்தத் தற்காப்பைத் தருகிறது. வழக்கறிஞர் இதை எதிர்பார்த்தே இருந்தார். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு கார் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்ட முன்தீர்ப்புகளை அவர் எடுத்து வைத்திருக்கிறார். வாதம் அடுத்த வாய்தாவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.