எத்தனை ஃபாரம் வரும்?

கோவையில் ஓர் அச்சகத்தில் விலைப்பட்டியல் போட்டுக் கொடுப்பது என் வேலை. புத்தகம் போட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு ஆகும்?" அளவு, பக்கம், தாள், பைண்டிங், பிரதி என்று ஐந்தும் தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வருகிறவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ குலதெய்வ வரலாற்றை மஞ்சப்பையில் வைத்து எடுத்து வந்திருப்பார். வெண்பாவில் தளை தட்டினால் காதாலேயே கண்டுபிடிக்கக்கூடியவர், "டெமியா, கிரவுனா ஐயா?" என்று புத்தக அளவைக் கேட்டதும் திகைத்துப் போவார். பிறகு, "நீங்களே பார்த்து நல்லதாகப் போட்டுவிடுங்கள் தம்பி" என்று எழுந்துவிடுவார். அப்படி எழுந்து போகிறவர்தான் பில் வரும்போது சண்டைக்கும் வருகிறார்.

அவர்மேல் பிழை இல்லை. எங்கள் தொழிலில் பலரும் இந்தச் சொற்களை வேலி போலக் கட்டி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குப் புரிந்துவிட்டால் பேரம் பேசுவார் என்று பயம். என் அனுபவம் வேறு. புரிந்துகொண்டவர் பேரம் பேசுவார்தான். ஆனால் நடக்காத பேரத்தைப் பேச மாட்டார்.

சொல்லிக்கொடுப்பதை நான் ஃபாரத்திலிருந்து தொடங்குவேன். எழுதுகிறவர் பக்கக் கணக்கில் யோசிக்கிறார், அச்சகம் ஃபாரக் கணக்கில், அதாவது ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கக் கட்டுகளின் கணக்கில் யோசிக்கிறது. டெமி அளவில் ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். 23-க்கு 36 அங்குல டபுள் டெமி தாள் ஒன்றில் இரு புறமும் அச்சிட்டால் 32 பக்கம், அதாவது இரண்டு ஃபாரம் கிடைக்கும். ஒரு ரீம் 500 தாள். ஆகவே ஆயிரம் பிரதிக்கு, ஃபாரத்துக்கு ஒரு ரீம். 160 பக்கப் புத்தகம் பத்து ஃபாரம், பத்து ரீம். கழிவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் எழுத்தாளரை எந்த அச்சகமும் தாள் விஷயத்தில் ஏமாற்ற முடியாது.

164 பக்கம் என்றால்தான் தொல்லை. மிஞ்சும் நான்கு பக்கத்துக்காகத் தனியாகப் பிளேட் என்னும் அச்சுத்தகடு, இயந்திரத்தில் தனி ஓட்டம், தனி மடிப்பு. "நான்கு பக்கம் குறையுங்கள்" என்பேன். கொங்கு நாட்டில் வெளியான எத்தனையோ நூல்களின் நன்றியுரை சுருக்கமாக இருப்பதற்கு ஆசிரியரின் அடக்கம் மட்டும் காரணமில்லை.

ஒரு தமிழாசிரியருக்கு வாயால் சொல்லிப் புரியவில்லை. கழிவுத்தாள் ஒன்றை எடுத்து மூன்று முறை மடித்து, ஓரங்களில் 1 முதல் 16 வரை எண் எழுதச் சொன்னேன். விரித்துப் பார்த்தார். 1-க்குப் பக்கத்தில் 16, 4-க்குப் பக்கத்தில் 13, மேல் வரிசையில் 5-உம் 12-உம் தலைகீழாக. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பாடும் சித்திரக்கவி அல்லவா!" என்றார். பிழைதிருத்தும்போது ஒரு பத்தியை நுழைத்தால் அடுத்த பக்கமெல்லாம் ஏன் நகர்கிறது, நான் ஏன் முகம் சுளிக்கிறேன் என்பது அதற்குப் பிறகு அவருக்குச் சொல்லாமலே புரிந்தது.

தாள் விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டரின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கு. பனியன் துணியையும் இதே கணக்கில்தான் வாங்கி விற்கிறார்கள். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை அச்சிட வந்த பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், நான் "70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ" என்று அச்சுத்தாளின் வகையைச் சொன்னதும் சிரித்தார். மறுமுறை வரும்போது துணி வெட்டும் வட்டக் கட்டரையும் சிறிய மின்தராசையும் கொண்டு வந்துவிட்டார். கட்டர் வெட்டும் வட்டம் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர். அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். எங்கள் தாளை என் மேசைமேலேயே வைத்து அழுத்தித் திருகி வெட்டி, தராசில் வைத்தார். 0.69 கிராம், அதாவது 69 ஜி.எஸ்.எம். "ஒரு கிராம் குறைகிறதே" என்றார். அந்த அளவு ஏற்ற இறக்கம் ஆலைத் தாளில் சகஜம், துணியிலும் அப்படித்தானே என்றேன். ஒப்புக்கொண்டார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இத்தனை வருடத்தில் தாளைச் சோதித்துப் பார்த்து வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இவ்வளவுக்கும் தாள் நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. பள்ளிபாளையத்தில் ஒரு காகித ஆலை, கரூர் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். புகளூர் ஆலை கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்வதில் பெயர் பெற்றது. காவிரிக் கரையில் கரும்பு வெட்டிய குடும்பத்துப் பிள்ளை கவிதைத் தொகுப்புக்குத் தாள் தேர்வு செய்ய வந்தால் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் பெரும்பாலோர் தாளைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. அட்டைக்கு மங்கலான மேட் லேமினேஷனா, பளபளக்கும் கிளாஸ் லேமினேஷனா என்பதில்தான் குடும்பமே கூடி விவாதம் நடக்கும்.

ஈரோட்டில் ஆகஸ்டில் புத்தகத் திருவிழா. அதற்குள் வேண்டும் என்று ஜூலையில் வருகிறவர்களிடம் பிரதி எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பேன். நூறு பிரதி என்றால் டிஜிட்டலில் அடிப்பதே நல்லது. அதற்குப் பிளேட் செலவு இல்லை. ஆயிரம் என்றால் பிளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட்.

ஐ.எஸ்.பி.என். பற்றித்தான் அதிகமான குழப்பம். அதை வாங்கினால் காப்புரிமை கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண், 2006 வரை பத்து இலக்கம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதைக் கட்டணமில்லாமல் கொடுக்கிறது. "வாங்கித் தருகிறோம்" என்று சிலர் பணம் கேட்பதுண்டு. காப்புரிமையோ எழுதியபோதே ஆசிரியருக்கு வந்துவிடுகிறது, அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு வரை நிற்கிறது.

உள்ளடக்கம் மாறினால்தான் புதிய பதிப்பு, அப்படியே திரும்ப அடித்தால் மறு அச்சு. இதை எழுத்தாளர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஐந்நூறு பிரதி அடிக்கச் சொல்லியிருந்த ஒரு கவிஞர், அதில் பாதியில் மட்டும் 'இரண்டாம் பதிப்பு' என்று போடச் சொன்னார். வெளியீட்டு விழாவிலேயே முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது என்று அறிவிக்க அவருக்கு ஆசை. தப்பு சரி என்று நான் வாதாடவில்லை. "அந்த வரி நான்காம் பக்கத்தில் இருக்கிறது. முதல் ஃபாரத்துக்கே வேறு பிளேட் போட்டு, இயந்திரத்தை நிறுத்தி மாட்ட வேண்டும்" என்று சொல்லித் தொகையை எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "முதல் பதிப்பாகவே இருக்கட்டும் தம்பி" என்றார்.