பிகானேரில் கர்ணி சிங்கைத் தேடிப் போனேன்

பிகானேருக்குப் போகிறவர்கள் ஜூனாகர் கோட்டையையும் தேஷ்னோக்கின் எலிக் கோயிலையும் பார்த்துவிட்டு, நாலு பாக்கெட் புஜியா வாங்கிக்கொண்டு ஜெய்சல்மேருக்குக் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். நான் போனது மகாராஜா கர்ணி சிங்குக்காக. இந்தியாவுக்காக ஐந்து ஒலிம்பிக்கில் துப்பாக்கி பிடித்தவர். 1952 முதல் 1977 வரை, ஐந்து முறை தொடர்ந்து மக்களவை உறுப்பினர். அதுவும் எந்தக் கட்சியிலும் சேராமல், சுயேச்சையாக. இப்படி ஒரு மனிதரை நாம் எப்படி இவ்வளவு சுலபமாக மறந்தோம் என்ற ஆற்றாமை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

ஊருக்குள் அவரைப் பற்றிக் கேட்டால் பேச்சு உடனே தாத்தாவிடம் போய்விடுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. கங்கா சிங் 1927ல் கால்வாய் வழியே சட்லஜ் தண்ணீரை இந்தப் பாலைக்குக் கொண்டுவந்தவர். முதல் உலகப் போர் முடிந்ததும் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர். என்னை லால்கர் அரண்மனைக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரரும் கால்வாய்க் கதையில்தான் ஆரம்பித்தார். நான் விடாமல் பேரனைப் பற்றிக் கேட்டதும், "கர்ணி சிங்ஜியா? எங்க அப்பா அவருக்குத்தான் ஓட்டுப் போடுவார் சாப்" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

லால்கர் 1902ல் தொடங்கி 1926ல் கட்டி முடித்த அரண்மனை. துல்மேரா சுரங்கத்துச் சிவப்புக் கல். வரைபடம் போட்டவர் சாமுவேல் ஸ்விண்டன் ஜேக்கப். ஜன்னல்களில் இருக்கும் 'ஜாலி' என்ற கல் சல்லடையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் தடிமன் உள்ள பலகைக் கல்லைக் குடைந்து பூவும் கொடியுமாக எடுத்திருக்கிறார்கள். உள்ளே விரல் விட்டுத் தடவினால் உளி போன தடம் கையில் நெருடுகிறது. அரண்மனையின் ஒரு பகுதியில் கர்ணி சிங்கின் தந்தை சாதுல் சிங் பெயரில் அருங்காட்சியகம். வேட்டைப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றைத் தாண்டினால் கர்ணி சிங்கின் கோப்பைகளும் போட்டிப் படங்களும் வருகின்றன. அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

மறுநாள் கஜ்னேர். பிகானேரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஏரிக்கரையில் வேட்டை மாளிகை, இப்போது தங்கும் விடுதி. குளிர்காலக் காலைகளில் வலசை வரும் கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாக இங்கே தண்ணீர் குடிக்க இறங்கும். வைஸ்ராய்களையும் இளவரசர்களையும் வரவழைத்து அவற்றைச் சுட்டுத் தள்ளுவதுதான் அந்தக் காலத்தின் பெரிய விருந்து. கரையில் நின்று யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. கர்ணி சிங் வளர்ந்ததும் இந்தச் சூழலில்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பேர் வாங்கியது பறவையைச் சுட்டு அல்ல, போட்டியில் காற்றில் வீசப்படும் தட்டைச் சுட்டு.

அந்தப் போட்டிக்கு டிராப் என்று பெயர். சுடுபவருக்குப் பதினைந்து மீட்டர் முன்னால் தரைக்குக் கீழே ஒரு பள்ளம், அதில் பதினைந்து எறி இயந்திரங்கள். அவர் குரல் கொடுத்ததும் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு கிளம்பும். இடமா, வலமா, உயரமா, தாழ்வா என்று முன்கூட்டித் தெரியாது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகும் பதினோரு சென்டிமீட்டர் அகலத் தட்டை அது ரவை எட்டும் தூரத்தைத் தாண்டுவதற்குள் முடிவெடுத்துச் சுட வேண்டும். தட்டு உடைந்தால் புள்ளி, இல்லாவிட்டால் கிடையாது. சுடுகிறவர் மகாராஜாவா என்று தட்டு கேட்பதில்லை. வேட்டையில் குறி தவறினால் மரியாதைக்காக வாய்மூடி இருக்கும் பரிவாரம் இங்கே இல்லை.

1960ல் ரோம் ஒலிம்பிக்கில் எட்டாம் இடம். 1961ல் அர்ஜுனா விருதுகள் தொடங்கியபோதே அவருக்கும் ஒன்று. 1962ல் கெய்ரோ உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமமாக வந்து, அதற்குப் பிறகு நடந்த சுடுதலில் தங்கத்தை இழந்து வெள்ளி வாங்கினார். பிறகு டோக்கியோ, மெக்சிகோ, மியூனிக், கடைசியாக 56 வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்குகள். 1974ல் டெஹ்ரான் ஆசியப் போட்டியிலும் வெள்ளி. மகள் ராஜ்யஸ்ரீ குமாரியும் துப்பாக்கி சுடுதலில் 1968ல் அர்ஜுனா வாங்கினார்.

இதற்கெல்லாம் பணம் இருந்ததே காரணம் என்று சொல்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், இருந்தது. துப்பாக்கியும் தோட்டாவும் வெளிநாட்டுப் பயணமும் அன்றைக்கு அரச குடும்பங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். ஆனால் அதே வசதி இருந்த எத்தனையோ ராஜாக்கள் இருபது ஆண்டு விடாமல் போட்டிக்குப் போய்ப் பட்டியலின் நடுவிலும் கீழேயும் பெயர் வரச் சம்மதிக்கவில்லை. இவர் சம்மதித்தார்.

அரசியல் வாழ்க்கையிலும் எனக்குப் பிடித்தது அதுதான். பிகானேர் சமஸ்தானம் 1949ல் ராஜஸ்தானோடு இணைந்துவிட்டது. அடுத்த ஆண்டு சாதுல் சிங் இறந்து கர்ணி சிங் பட்டத்துக்கு வந்தபோது ஆள்வதற்கு நாடு இல்லை. 28 வயதுகூட நிறையாமல் முதல் பொதுத் தேர்தலில் நின்றார். ராஜ விசுவாசம் வாக்குகளைக் கொண்டுவந்தது என்பது உண்மை. ஆனால் ஐந்தாவது முறை, 1971ல், இந்திரா காந்தியின் அலை வடக்கே எல்லாரையும் புரட்டிப் போட்டபோதும் சுயேச்சையாக ஜெயித்ததை விசுவாசம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அவர் உறுப்பினராக இருந்த அதே நாடாளுமன்றம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. மகாராஜா போனார், எம்.பி. இன்னும் ஐந்தாண்டுக்கு மேல் இருந்தார். ராஜஸ்தானி மொழிக்கு அங்கீகாரம் வேண்டும் என்று அங்கே வாதாடினார். அந்த மொழி இன்னும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறவில்லை. நடுவில் 1964ல், பிகானேர் அரசுக்கும் மத்திய அரசுகளுக்கும் இருந்த உறவை ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறார். தில்லியில் அவர் பெயர் தாங்கிய சுடுதளத்தில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருப்பது இதனால்தான்.

ஊர் திரும்பும் வழியில் தில்லியில் துக்ளகாபாத் பக்கம் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்துக்கும் போனேன். 1982 ஆசியப் போட்டிக்காகக் கட்டியது. அந்தப் போட்டியில் 58 வயதில் டிராப் அணியோடு அவரும் வெள்ளி வாங்கினார். உடைந்த தட்டுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்புத் தூளும் தார்ப்பிசினும் கலந்த கறுப்பு ஓடு, மேலே ஆரஞ்சுச் சாயம்; கட்டைவிரலால் அழுத்தினால் பொடிகிறது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையனிடம் இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தவரைத் தெரியுமா என்று கேட்டேன். "டிராப் ஆடினவர்தானே அண்ணே, பிகானேர் ராஜா" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனான். புதுக்கோட்டை அரச குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024ல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனதும் இதே டிராப் பிரிவில்தான். தில்லி வழியாகப் பிகானேர் போகிறவர்கள் இந்தச் சுடுதளத்தை முதலில் பார்த்துவிடுங்கள். லால்கரில் அந்தக் கோப்பைகளின் முன்னால் நிற்கும்போது ஒவ்வொன்றும் எதற்காகக் கிடைத்தது என்று தெரிந்திருக்கும்.