துப்பாக்கிச் சாவுகளில் நாம் காணாத பாதி

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றதும், பள்ளியிலோ கடைத்தெருவிலோ ஒருவன் கண்மண் தெரியாமல் சுட்டதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்த ஏறத்தாழ 48,800 பேரில் 26,000க்கும் அதிகமானோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் சுமார் 21,000 பேர். சாத்திய கதவுக்குப் பின்னால் நிகழும் அந்தப் பெரும்பாதி செய்தியாவதே இல்லை.

வீட்டில் துப்பாக்கி இருப்பது காவலா, ஆபத்தா என்று ஆராய்ந்த ஆர்தர் கெல்லர்மன் குழுவினர், அத்தகைய வீடுகளில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகம் என்று 1993இல் எழுதினர். மூன்றே ஆண்டுகளில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேட அரசின் காயத்தடுப்பு நிதியைச் செலவிடக் கூடாது என்னும் விதியை ஜே டிக்கி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்தார். அமெரிக்க அரசின் பொதுநலவாழ்வு அமைப்பான நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த ஆய்வுகளுக்குச் செலவிட்டுவந்த 26 லட்சம் டாலரும் வேறு பணிக்குத் திருப்பப்பட்டது. ஆய்வு செய்யாதே என்று அந்த விதி சொல்லவில்லை. நிதி பறிபோகுமோ என்ற அச்சம்தான் ஆய்வாளர்களின் கையைக் கட்டிப்போட்டது. டிக்கியே 2012இல் மனம் மாறி, ஆய்வு தேவை என்று எழுதினார். 2020ஆம் நிதியாண்டில்தான் 2.5 கோடி டாலர் மீண்டும் ஒதுக்கப்பட்டது. இடைப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை எண்ணும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

சாகத் துணிந்தவரை யாராலும் தடுக்க முடியாது என்பார்கள். இஸ்ரேல் இராணுவம் 2006இல், வார இறுதி விடுப்பில் வீடு செல்லும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுச் செல்லும்படி செய்தது. அவர்களிடையே தற்கொலை விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது பெரும்பாலும் வார இறுதிகளில்தான். வார நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்பதைக் கவனியுங்கள். அதாவது, வெள்ளியன்று தப்பியவர்கள் திங்களன்று சாவைத் தேடிப் போகவில்லை.

சாக நினைத்தவர்தானே துப்பாக்கி வாங்குகிறார் என்று நானும் ஒருகாலத்தில் எண்ணினேன். கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்தியது. வாங்கிய உடனேதான் ஆபத்து மிக அதிகம் என்றாலும், கைத்துப்பாக்கி வைத்திருந்தோரின் துப்பாக்கித் தற்கொலைகளில் 52 சதவீதம், அதை முதலில் வாங்கி ஓராண்டு கடந்த பின்னரே நிகழ்ந்திருந்தன. வேறெதற்கோ வாங்கிய பொருள், என்றோ வந்த ஓர் இருண்ட பொழுதில் கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான், மனம் தளர்ந்திருப்பவரின் வீட்டிலிருந்து துப்பாக்கியைச் சில வாரங்களுக்கேனும் வேறிடத்தில் வைக்கும்படி அங்குள்ள மருத்துவர்கள் குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறார்கள்.